ரோபோ வாக்குவம் உங்கள் வீட்டுக்கு ஆகுமா? வாங்கும் முன் உங்கள் தரையைச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் கூடம் முழுவதும் வெளிர் நிற டைல்ஸ். சமையலறை வாசலில் மட்டும் ஓர் அடி அகலத்துக்குக் கறுப்பு கிரானைட் பட்டை பதித்திருக்கிறோம். கிருஷ்ணகிரியில் வீடு கட்டுகிற பலரும் செய்வதுதான். கல் அறுக்கும் பட்டறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. மீதத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன.

ஓசூரில் இருக்கும் அக்கா, ஊருக்குப் போகும்போது, தானே ஓடித் தரைத் தூசியை உறிஞ்சும் தன் ரோபோ வாக்குவத்தைப் பத்து நாள் எங்களிடம் விட்டுச் சென்றார். அது கூடத்தை ஒழுங்காகச் சுற்றி வந்தது. கறுப்புப் பட்டையின் விளிம்புக்கு வந்ததும் நின்றது. பின்வாங்கியது, திரும்பியது, வேறு பக்கமாக வந்து அதே இடத்தில் மறுபடி நின்றது. ஐந்து முறை இப்படி நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: “ஏம்மா, அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று இது இத்தனை பயப்படுகிறது?”

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில்தான் இந்த எந்திரத்தைப் பற்றி எனக்கு நிறையப் புரிந்தது. விளம்பரங்கள் எந்திரத்தின் பெருமையைச் சொல்லும். ஆனால் அது உங்கள் வீட்டில் உழைக்குமா, மூலையில் கிடக்குமா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: உங்கள் தரை, உங்கள் வீட்டில் தினமும் குனிகிறவர் யார் என்பது. கடைக்குப் போவதற்கு முன்பு இந்த இரண்டையும் சோதித்துவிட வேண்டும். ஒரு வாரம் போதும்.

முதல் படி: யார் குனிகிறார்கள் என்று பாருங்கள்

ஒரு வாரத்துக்கு, வீட்டைப் பெருக்குவது யார், ஒரு நாளைக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் குறியுங்கள். அவரிடம் கேட்டு எழுதாதீர்கள், பார்த்து எழுதுங்கள். நான் கேட்டபோது அம்மா, “ஒரு பத்து நிமிட வேலைதானே” என்றார். பார்த்தபோது, காலையில் இருபது நிமிடம், மாலையில் விளக்கு வைக்கும் முன் பதினைந்து நிமிடம். நடுவில் இரண்டு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூந்துடைப்பத்தின் கைப்பிடி குட்டையானது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் அடியில் பெருக்க முழங்காலை மடக்கித்தான் ஆக வேண்டும். அவருக்கு வயது 64.

குனிகிறவருக்கு முழங்கால் வலியோ முதுகு வலியோ இருந்தால், இந்த எந்திரத்தின் மதிப்பு உங்கள் வீட்டில் இரண்டு மடங்காகிறது. இளம் தம்பதி, இரண்டு அறை, வாரத்தில் ஐந்து நாள் வீடு பூட்டியே கிடக்கிறது என்றால் பெரிய தேவை இல்லை. பெருக்க வேலைக்கு ஓர் அம்மா வருகிறார், பாத்திரமும் அவரே கழுவுகிறார், வாசல் தெளித்துக் கோலமும் போடுகிறார் என்றால், எந்திரத்தை அவருக்கு மாற்றாக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவர் செய்யும் வேலையில் நாலில் ஒரு பங்கைக்கூட இது செய்யாது.

இரண்டாம் படி: முறத்தில் என்ன விழுகிறது என்று பாருங்கள்

அதே வாரத்தில், பெருக்கி அள்ளிய குப்பையை உடனே கொட்டாமல் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். எங்கள் முறத்தில் இருந்தது பெரும்பாலும் மெல்லிய சாம்பல் நிறத் தூசி; அதோடு தலைமுடி, பூ கட்டிய வாழைநார், கொஞ்சம் கேழ்வரகு மாவு.

தூசிக்கு இந்த எந்திரம் மிக நன்றாகப் பொருந்தும். பூந்துடைப்பம் தூசியில் ஒரு பங்கைக் காற்றில் கிளப்பிவிடுகிறது. அது மாலைக்குள் மறுபடி டிவி மேல் வந்து அமர்கிறது. எந்திரம் உறிஞ்சிப் பெட்டிக்குள் எடுத்துக்கொள்கிறது. கல் குவாரி, கிரானைட் அறுக்கும் பட்டறை, தேசிய நெடுஞ்சாலை 44, 48 ஆகியவற்றை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை. கல் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. கல் வேலைத் தளங்களுக்கான பாதுகாப்பு விதிகள், அந்தத் தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைத் தவிர்த்து, ஈரம் செய்து அள்ளவோ நுண்வடிகட்டி உள்ள வாக்குவத்தால் எடுக்கவோ சொல்கின்றன. உங்கள் வீடு பட்டறைக்கு அருகில் இருந்தால் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ‘ஹெப்பா’ வகை வடிகட்டி உள்ள மாடலையே பாருங்கள். ஆனால் அந்த மெல்லிய தூள் வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறையாவது வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு தட்ட வேண்டும்.

நீளமான தலைமுடியும் பூ நாரும் வேறு கதை. அடியில் சுழலும் உருளைத் தூரிகையின் இரு முனைகளிலும் அவை சுற்றிக்கொள்கின்றன. பத்து நாளில் நான் இரண்டு முறை உருளையைக் கழற்றிக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். முழுவதும் மயிர்க்கற்றையால் ஆன உருளையைவிட, ரப்பர் இதழ்கள் கொண்ட உருளையில் சிக்கல் குறைவு.

நம் ஊரில் பருவம் என்று ஒன்று இருக்கிறது. வெளியூர் வழிகாட்டிகள் எதிலும் அது வராது. மாசி, பங்குனியில் தருமபுரிப் பக்கம் பல வீடுகளில் கூடத்திலேயே புளி உடைக்கிறார்கள். ஓடும் கொட்டையும் நாரும் தரையில் சிதறிக் கிடக்கும், எல்லாவற்றிலும் பிசுக்கு. அந்த நாட்களில் எந்திரத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். கொட்டை உறிஞ்சும் வாயில் மாட்டும். பிசுக்கு சக்கரத்தில் ஒட்டி வீடு முழுவதும் கோடு இழுக்கும். மாம்பழக் காலத்தில் கட்டிலுக்கு அடியில் வைக்கோல் போட்டுப் பழுக்க வைக்கிறீர்களா? அந்த அறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

சிந்திய தண்ணீர், குழந்தை கொட்டிய பால், நாய்க்குட்டி செய்த அசிங்கம் ஆகியவற்றின் மேல் சாதாரண மாடல்கள் ஏறினால் நாசம்தான். வீட்டில் இன்னும் பழகாத நாய்க்குட்டி இருந்தால் ஓராண்டு பொறுங்கள்.

மூன்றாம் படி: அட்டை வட்டம்

இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை. பழைய அட்டைப் பெட்டியிலிருந்து 35 சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு டப்பாவை ஒட்டுங்கள். பெரும்பாலான ரோபோ வாக்குவங்களின் உடல் ஏறக்குறைய இந்த அளவுதான். இப்போது அதைக் காலால் தள்ளிக்கொண்டே வீடு முழுவதும் போய் வாருங்கள்.

பீரோவுக்கு அடியில் நுழைகிறதா? திவானுக்கு அடியில்? சாப்பாட்டு மேசை நாற்காலிக் கால்களுக்கு நடுவில் திரும்ப இடம் இருக்கிறதா? எங்கெல்லாம் அட்டை முட்டி நிற்கிறதோ அங்கெல்லாம் நீங்கள்தான் பெருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எஃகு பீரோவின் கால் 12 சென்டிமீட்டர், நுழைந்தது. பூஜை அறை மேடைக்கு அடியில் 8; நுழையவில்லை.

அடுத்து, ஒவ்வொரு வாசலின் படியையும் அளவுகோலால் அளந்து எழுதுங்கள். இந்த எந்திரங்கள் பொதுவாக இரண்டு சென்டிமீட்டர் வரை ஏறும். அதற்கு மேல் ஏறும் மாடல்கள் வந்திருக்கின்றன, விலையும் ஏறிவிடுகிறது. காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் மாமியார் வீட்டில் அறைக்கு அறை மூன்றங்குல மரப்படி. நடுவில் ரெட் ஆக்சைடு தரை கண்ணாடிபோல் அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அறையும் எந்திரத்துக்கு ஒரு தனித் தீவு. தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். மூன்றரைக் கிலோ எடையைக் குனிந்து தூக்குவதற்குத் துடைப்பமே மேல். அந்த வீட்டுக்கு வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டோம்.

தாழ்வான இடங்களையும் பாருங்கள். மாடிப்படியின் விளிம்பை எந்திரம் உணர்ந்து நின்றுவிடும். ஆனால் குளியலறைத் தரை ஓரங்குலம் மட்டும் தாழ்ந்திருந்தால், சில எந்திரங்கள் அதைப் பள்ளமாக எடுத்துக்கொள்ளாமல் இறங்கிவிடும். ஏறி வர முடியாமல் ஈரத்தில் நின்று கத்தும். கதவைச் சாத்தி வைக்கும் பழக்கம் வேண்டும்.

இன்னொன்று: நாம் தரையில் வாழ்கிறவர்கள். பாய் விரித்துப் படுக்கிறோம். தரையில் அமர்ந்து சாப்பிடுகிறோம். குழந்தைக்குச் சேலையில் தொட்டில் கட்டுகிறோம். எந்திரம் ஓடும் முன்பு பாயைச் சுருட்டி, தொட்டில் சேலையைத் தூக்கிக் கட்டி, செல்போன் சார்ஜர் கம்பியை எடுத்து, மிதியடியைத் தட்டி வெயிலில் போட வேண்டும். இதற்குத் தினமும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று அந்த வாரத்தில் ஒரு நாள் செய்து பாருங்கள். பத்து நிமிடத்தைத் தாண்டினால், உங்கள் வீட்டுக்கு முதலில் தேவை இரண்டு அலமாரிகள்.

நான்காம் படி: கறுப்புக் கல்

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எந்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் ஓரமாகச் சில சிறு சன்னல்கள் தெரியும். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையை நோக்கி அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. டைல்ஸ் தரையில் நிறையத் திரும்பி வரும். மாடிப்படி விளிம்பில் கிட்டத்தட்ட எதுவும் வராது. உடனே எந்திரம் ‘பள்ளம்’ என்று நின்றுவிடும். கறுப்பு கிரானைட் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. மெருகேற்றிய கல் என்றால், மிஞ்சும் ஒளியும் கண்ணாடியில் பட்டதுபோல் வேறு பக்கம் தெறித்துப் போகலாம். எங்கள் சமையலறை வாசலில் அந்த எந்திரம் கண்டது ஒரு கிணறு.

கல் பார்வைக்குக் கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது அகச்சிவப்பு ஒளிக்கு அப்படி இல்லாமலும் போகலாம். தரையை வேறு விதமாக உணர்ந்து கறுப்பிலும் தயங்காமல் ஓடும் மாடல்களும் இருக்கின்றன. ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். மொட்டை மாடியில், வீடு கட்டியபோது மிஞ்சிய ஒன்றரை அடிச் சதுரத் துண்டு ஒன்று கிடந்தது. பத்துப் பதினோரு கிலோ இருக்கும். பழைய போர்வையில் சுற்றிக் காரில் வைத்து ஓசூருக்கு எடுத்துப் போனோம். கடைக்காரத் தம்பி கல்லைப் பார்த்ததும் திகைத்தார். பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. கல்லைத் தரையில் கிடத்தி, எந்திரத்தை அதன் நடுவில், முன்பக்கச் சன்னல்கள் எல்லாம் கல்லின் மேல் இருக்கும்படி வைத்து, பொத்தானை அழுத்தினார். முதல் மாடல் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தன்னைத் தூக்கிச் சமமான இடத்தில் வைக்கும்படி குரல் கொடுத்தது. இரண்டாவது மாடல் ஒரு கணம் தயங்கிவிட்டு நகர்ந்து இறங்கியது. அதன் விலை முதலாவதைவிட மூவாயிரம் குறைவு.

கல்லைச் சுமக்க முடியாதவர்கள், அதே மாடலை வைத்திருக்கும் உறவினரிடம் ஒரு நாள் இரவல் கேளுங்கள். இணையத்தில் வாங்குவதானால், திருப்பித் தரும் வசதி உண்டா, அல்லது மாற்றித் தருவது மட்டும்தானா என்று படித்துவிட்டு வாங்குங்கள். அந்தச் சன்னல்களின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டினால் எந்திரம் கறுப்பில் ஓடும் என்று சிலர் சொல்வார்கள். ஓடும்தான். மாடிப்படியிலிருந்தும் உருண்டு விழும். தரைத்தளம் மட்டும் உள்ள, எங்கும் பள்ளமே இல்லாத வீட்டுக்குக்கூட நான் அதைச் சொல்லமாட்டேன்.

வீடு முழுவதும் கறுப்பு கிரானைட் என்றால், இந்தச் சோதனை முடியும் வரை பணத்தைக் கையிலிருந்து விடாதீர்கள்.

ஐந்தாம் படி: துடைக்கும் வசதியும் நம் தண்ணீரும்

பெருக்குவதோடு துடைக்கவும் செய்யும் மாடல்கள் இப்போது அதிகம். ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போகும் எளிய வகை, மெல்லிய தூசிப்படலத்தை எடுக்கும். காய்ந்த ரசக் கறையை எடுக்காது. அழுத்திச் சுழலும் துணிகள் கொண்டவை இன்னும் நன்றாகத் துடைக்கின்றன. எதுவானாலும் வாரம் ஒரு முறை வாளியும் மாப்பும் தேவைப்படும்.

கவனிக்க வேண்டியது தண்ணீர். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. வாளியில் ஊற்றும்போது தெரியாது. எந்திரத்தின் சின்னத் தொட்டியில் ஊற்றினால் சில மாதங்களில் நீர் கசியும் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். கறுப்புக் கல்லில் துடைத்த தடமும் வெள்ளைக் கோடாகக் காயும். உங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் வந்தால் அதையே ஊற்றுங்கள். கால் லிட்டர், அரை லிட்டர்தான் செலவாகும். தயாரிப்பாளர் சொல்லாத ஃபினாயிலை ஊற்ற வேண்டாம்.

ஆறாம் படி: பணக் கணக்கு

இப்போது சந்தையில் தோராயமாக மூன்று தட்டுகள். 15,000 ரூபாய்க்குள் கிடைப்பவற்றில் பல, வரைபடம் இல்லாமல் கணிப்பில் ஓடும். 20,000 முதல் 35,000 வரை லேசர் கொண்டு அறையை அளந்து வரைபடம் போடுபவை. அதற்கு மேல், சார்ஜ் ஏறும் நிலையத்தில் குப்பையைத் தானே கொட்டிக்கொள்பவையும் துணியைத் தானே அலசுபவையும்.

25,000 ரூபாய் எந்திரம் நான்கு ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டி, பக்கத் தூரிகை, துணி ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 2,000. நடுவில் ஒரு முறை பேட்டரிக்கு 3,000. மொத்தம் 36,000. நாற்பத்தெட்டு மாதங்களால் வகுத்தால் மாதம் 750 ரூபாய், நாளுக்கு 25. உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கை மறுபடி செய்யுங்கள்.

மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஒரு முறை முழுதாக ஏற ஏறக்குறைய 75 வாட் மணி போதும். தினமும் ஓடினாலும் மாதம் மூன்று யூனிட்டை ஒட்டித்தான் வரும்.

இதன் மறுபக்கத்தில் முதல் படியில் எழுதிய தாளை வையுங்கள். எங்கள் தாளில் நாளுக்கு 35 நிமிடம். அதில் காலை இருபது நிமிடத்தை எந்திரம் எடுத்துக்கொண்டது. 64 வயதுக்காரர் தினமும் இருபது நிமிடம் குனியாமல் இருப்பதற்கு 25 ரூபாய் என்பது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. தாளில் எட்டு நிமிடம் என்று எழுதியிருந்தால் வாங்கியிருக்கமாட்டேன்.

ஏழாம் படி: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

லேசர் வரைபடத்துக்குக் கொடுங்கள். அது இல்லாத எந்திரம் ஒரே இடத்தை நாலு முறை பெருக்கிவிட்டு ஒரு மூலையை மறந்துவிடும். வரைபடம் இருந்தால் பூஜை அறைக்கோ தொட்டிலுக்கு அடியிலோ போகாதே என்று கோடு போட்டுவிடலாம். லேசர் இருட்டிலும் வேலை செய்யும். தரை வரை இறங்கும் ஆளுயரக் கண்ணாடி இருந்தால் மட்டும் கொஞ்சம் குழம்பும்.

உறிஞ்சும் திறனைப் பாஸ்கல் எண்ணில் ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பெரிய எண் கம்பளம் விரித்த வீடுகளுக்குத்தான் அதிகம் பயன்படும். நம் டைல்ஸ், சிமெண்ட், மொசைக் தரைக்கு இரண்டாயிரம், மூவாயிரமே தாராளம்.

பெரும்பாலான எந்திரங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். உங்கள் வீட்டு ரவுட்டரில் அந்த அலைவரிசை இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தானே கொட்டும் நிலையத்துக்குக் கூடுதல் பணம் தகுமா என்பதற்கு என் பதில்: பெரியவர் மட்டும் தனியாக இருக்கும் வீட்டுக்குத் தகும். அதன் பைகளை அவ்வப்போது புதிதாக வாங்க வேண்டும். நம் பக்கத்துத் தூசிக்குப் பை, பெட்டியில் போட்டிருக்கும் நாள் கணக்குக்கு முன்பே நிறையும்.

எட்டாம் படி: பழுதானால் எங்கே?

இதை வாங்கிய பிறகு யோசிக்கிறவர்கள்தான் அதிகம். நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு வாங்கும் முன்பே ஒரு முறை அழைத்து, உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லுங்கள்: கிருஷ்ணகிரி 635001, தருமபுரி 636701, ஓசூர் 635109. வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, கூரியரில் எடுத்துப் போவார்களா, நாமே கொண்டுபோக வேண்டுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஒரு சின்னச் சக்கரத்துக்காக இரண்டு முறை போய் வந்தால், மேலே போட்ட கணக்கு கெட்டுவிடும். பேட்டரியும் தூரிகையும் தனியாக விற்பனைக்கு இருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் வாரம்

திருப்பித் தரும் கெடு முடியும் வரை பெட்டியையும் தெர்மகோலையும் பத்திரமாக வையுங்கள். அந்த நாட்களுக்குள் எல்லா அறையிலும், எல்லா நேரத்திலும் ஓட்டிப் பாருங்கள். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, எந்திரம் போன இடத்தில் சுவரோரமாக ஒரு முழம் துடைத்துப் பாருங்கள். நடுத்தரை சுத்தமாகத்தான் இருக்கும். ஓரமும் மூலையும்தான் உண்மையைச் சொல்லும். வட்ட எந்திரம் சதுர மூலைக்குள் முழுதாகப் போகாது. எங்கள் வீட்டு மூலைகளை வாரம் ஒரு நாள் நான் துடைப்பத்தால் பெருக்குகிறேன்.

இன்னொரு விஷயம் முதல் நாளே எங்களுக்கு உறைத்தது. எந்திரத்தின் பொத்தான் எந்திரத்தின் மேல்தான் இருக்கிறது; எந்திரம் தரையில் இருக்கிறது. அதை இயக்க அம்மா குனிந்தார். குப்பைப் பெட்டியைக் கழற்ற மறுபடி குனிந்தார். அதனால் தினமும் காலை பத்து மணிக்குத் தானே புறப்படும்படி நேரம் வைத்தோம். குப்பைப் பெட்டியை இரவில் நான் கொட்டுகிறேன். பத்து மணிக்கு அம்மா நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, அது சமையலறைக் கறுப்புப் பட்டையைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்.